வரைந்து பேசும் குழந்தைகள்: ஆய்வு முறை குறித்து ஓர் உதவி

வணக்கம். வடசென்னையில் 9 முதல் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகள் ஏன் போதிய தண்ணீர் குடிப்பதில்லை என்பதைப் பண்புசார் முறையில், அதாவது எண்ணிக்கையாக அல்லாமல் அவர்களின் பேச்சு, ஓவியம் வழியே, ஆராய்ந்து வருகிறேன். குழுவாகக் கேட்டபோது "நிறைய குடிப்போம் மிஸ்" என்று ஒரே குரலில் சொன்ன பிள்ளைகளிடம் தாளும் கிரேயானும் கொடுத்ததும், ஒரு சிறுமி நிரம்பிய பாட்டிலையும் அதனருகே தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவையும் வரைந்துவிட்டு, வீடு திரும்பும் வரை குடிக்கவே மாட்டேன் என்று மெல்லச் சொன்னாள். எந்த வினாத்தாளிலும் இது கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் பிள்ளைகளின் வாய்மொழி இசைவையும் பெற்றிருக்கிறேன். ஆனால் கருப்பொருள் பகுப்பாய்வில், அதாவது திரட்டியவற்றில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தொகுக்கும்போது, ஓவியத்தைத் தனியே குறியிடுவதா (அதன் பொருளைச் சுட்டும் சிறு குறிச்சொல் இடுவதா), குழந்தை தந்த விளக்கத்தோடு சேர்த்தே குறியிடுவதா என்பதில் தெளிவில்லை. ஆசிரியர் அருகில் இருந்தால் பிள்ளைகள் வாய் திறப்பதும் இல்லை. இவ்வாறு தமிழ்ச் சிறுவர்களிடையே களப்பணி செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை அன்புகூர்ந்து பகிர வேண்டுகிறேன்.