முட்டி வலி: டாக்டர் தொட்டுப் பார்த்த விதம் (மும்பைவாசிகளின் அனுபவப் பகிர்வு)

செம்பூர் மகள்
அம்மாவுக்கு வலது முட்டி வலி. தைலம், பெல்ட் எல்லாம் ஆச்சு. எக்ஸ்ரேயில் வயசுக்கு ஏத்த தேய்மானம்தான். புதிதாகப் பார்த்த எலும்பு டாக்டர், முட்டி பக்கமே போகவில்லை. முதலில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்கி, பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளினார். அம்மா போட்ட சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கஹான்?" (எங்கே வலி?) என்றார் டாக்டர். "முட்டியிலதான்!" என்றாள் அம்மா, தமிழில். அவர் திருகியதோ இடுப்பு மூட்டை. தேய்ந்திருந்ததும் அதுதான். இரண்டுக்கும் பொதுவான நரம்புகள் உண்டாம், அதனால் இடுப்பு வலி முட்டியில் தெரியுமாம். இதற்கு முன் பார்த்தவர்கள் ஒருத்தர்கூட இடுப்பில் கை வைக்கவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

டோம்பிவிலி லோக்கல்
எக்ஸ்ரே எப்படி எடுத்தார்கள், படுக்க வைத்தா? அப்பாவுக்குப் படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி நன்றாகவே தெரிந்தது. வேறொரு டாக்டர் நிற்க வைத்து எடுக்கச் சொன்னார். உடம்புப் பாரம் இறங்கியதும் உள்பக்கம் எலும்பு எலும்போடு முட்டிக்கொண்டு நிற்கிறது! இரண்டு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "அப்போ நான் நின்னதாலதான் கெட்டுப்போச்சா?"

மாட்டுங்கா மாமி
லோக்கல் தம்பி, படத்தை வைத்துப் பயமுறுத்தாதே. 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்று இரண்டு பேர் எக்ஸ்ரேயில் தெரிகிற தேய்மானத்துக்குப் போட்டுக்கொடுத்த கிரேடுதான் இன்றைக்கும் ஓடுகிறது, பூஜ்யத்திலிருந்து நாலு வரை, நாலுதான் ரொம்ப மோசம். என் மாமியாருக்கு நாலு. தினமும் மார்க்கெட் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எனக்கு இரண்டு, தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். படம் வேறு, வலி வேறு.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். முட்டி வலி என்று நடையை நிறுத்தாதீர்கள். தொடையின் முன்பக்கத் தசை வற்றிப்போனால் பாரமெல்லாம் மூட்டில்தான் விழும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, கொஞ்சம் பிடித்து, மெதுவாக இறக்குங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். காலையில் எழுந்ததும் இருக்கிற விறைப்பு தேய்மானத்தில் அரை மணிக்குள் விட்டுவிடும். அதற்கு மேலும் நீடித்து, மூட்டு வீங்கிச் சூடாகவும் இருந்தால் அது மூட்டு வாத நோயாக இருக்கலாம், அதற்குரிய டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒரே மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

முலுண்ட் அடுக்களை
எல்லாரும் முட்டியையே பேசுகிறீர்கள். எனக்குக் கட்டைவிரல் அடிமூட்டு. டாக்டர் விரலைப் பிடித்து உள்ளே அழுத்தி லேசாகத் திருகினார். கரகரவென்று எனக்கே கேட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் நுனிக் கணுக்களில் இருக்கிற புடைப்பைத் தடவிப் பார்த்து, "அம்மாவுக்கும் உண்டா?" என்றார். உண்டு, அச்சு அசலாக இதே மாதிரி.

மாமி, தொடைக்குச் சொன்னீர்கள், சரி. விரலுக்கு? தேங்காய் துருவவே முடியவில்லை. மாட்டுங்காவில் துருவியே தருகிற கடை எது?