சென்ட்ஓஎஸ் 5-இல் பில்ட்: மேக்ஃபைலை ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்தாமல் இருக்க வழி?

குடமுருட்டி:
மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை ஒன்றின் எடைமேடைக் கணினி. 32 பிட், சென்ட்ஓஎஸ் 5 என்ற பழைய லினக்ஸ். சீரியல் கார்டின் டிரைவர் இதில் மட்டுமே ஓடுவதால் ஓஎஸ்ஸை மாற்ற முடியாது. எடையைப் படித்துப் பதியும் சி நிரலை உபுண்டு 24.04-இல் எழுதி, கான்ஃபிகர் (கணினியைச் சோதித்து மேக்ஃபைலை எழுதும் ஸ்கிரிப்ட்) உட்பட எல்லாவற்றையும் கிட்டில் (பதிப்புகளைக் காக்கும் கருவி) வைத்திருக்கிறோம். ஆலையில் கிட் குளோன் எடுத்து மேக் கொடுத்தால் 'ஆட்டோமேக்-1.16 இல்லை' என்று நிற்கிறது. அதைத் தாண்டினால் கிளாக்_கெட்டைம் (நேரம் படிப்பது), எஸ்டிஆர்எல்சிபிஒய் (எழுத்துச்சரம் நகலெடுப்பது) என்ற செயல்பாடுகள் இரண்டுக்கும் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் (இணைக்கும்போது செயல்பாடு கிடைக்கவில்லை என்ற பிழை). மேக்ஃபைலில் -எல்ஆர்டி (லிப்ஆர்டி நூலகத்தை இணைக்கும் குறி) சேர்த்தால் அடுத்த பதிப்பில் போய்விடுகிறது. சம்பா அறுவடைக்குள் சரிசெய்ய வேண்டும்.

வெண்ணாறு:
முதல் பிழைக்குக் காரணம் கோப்பு நேரம். கிட் பழைய நேரத்தைக் காப்பதில்லை. ஆட்டோமேக் உருவாக்கும் மேக்ஃபைல்.இன், நாம் எழுதும் மேக்ஃபைல்.ஏஎம்-ஐவிடப் பழசாகத் தெரிந்தால் மேக் உடனே ஆட்டோமேக்கைத் தேடும். ஆலைக்குக் குளோனைக் கொண்டுபோகாதீர்கள். உபுண்டுவில் 'மேக் டிஸ்ட்செக்' (வெளியீட்டுத் தொகுப்பைக் கட்டிச் சோதிப்பது) ஓட்டி, வரும் டார் கோப்பைக் கொண்டுபோங்கள். டார் நேரத்தை அப்படியே வைத்திருக்கும். ஆலைக் கணினிக்கு ஷெல், மேக், ஜிசிசி போதும்.

அரசலாறு:
மேக்ஃபைல் கான்ஃபிகர் எழுதித் தருவது. அதைத் திருத்தினால் நிற்காது. திருத்தம் எல்லாம் கான்ஃபிகரின் மூலக் கோப்பான கான்ஃபிகர்.ஏசி-இல்தான் இருக்க வேண்டும்.

கிளிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.17-க்கு முன் கிளாக்_கெட்டைம் லிப்ஆர்டி என்ற தனி நூலகத்தில் இருந்தது. சென்ட்ஓஎஸ் 5-இல் இருப்பது 2.5. கான்ஃபிகர்.ஏசி-இல் ஏசி_செர்ச்_லிப்ஸ் மேக்ரோவில் செயல்பாட்டின் பெயரையும் 'ஆர்டி'யையும் கொடுங்கள். தேவைப்பட்டால் மட்டும் -எல்ஆர்டியை லிப்ஸ் (இணைக்கும் நூலகங்களின் பட்டியல்) மாறியில் சேர்க்கும், உபுண்டுவில் சேர்க்காது. 'சென்ட்ஓஎஸ்ஸா' என்று ஓஎஸ் பெயரைக் கேட்டு இஃப் எழுத வேண்டாம். செயல்பாடு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

எஸ்டிஆர்எல்சிபிஒய் கிளிப்சிக்கு வந்ததே 2023-இல், 2.38 பதிப்பில். செயல்பாடு இல்லாதபோது மாற்றைத் தொகுக்கும் ஏசி_ரீப்ளேஸ்_ஃபங்க்ஸில் போட்டு, அதே பெயரில் ஒரு .சி கோப்பு வையுங்கள். மேக்ஃபைல்.ஏஎம்-இல் நிரலின் எல்டிஆட் (இணைக்க வேண்டியவை) வரியில் அந்த மாற்றுக் கோப்பைச் சுட்டும் லிப்ஆப்ஜ்ஸ் மாறியைச் சேர்க்க மறந்தால் அதே பிழைதான் திரும்ப வரும். பலர் இடறுவது இங்கேதான். செயல்பாட்டின் அறிவிப்பு ஹெடர் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஏசி_செக்_டிக்ள்ஸ் போடுங்கள். அது தரும் மேக்ரோ 0 அல்லது 1 என எப்போதும் வரையறுக்கப்பட்டிருக்கும். அதனால் #இஃப் போட்டுச் சோதியுங்கள்; #இஃப்டெஃப் எப்போதும் உண்மையாகிவிடும்.

குடமுருட்டி:
டார் கோப்பு சரியாக வந்தது, அண்ணா. இப்போது கான்ஃபிகரே 'புதிதாக உருவான கோப்பு, வந்த கோப்புகளைவிடப் பழசு' என்று நிற்கிறது.

வெண்ணாறு:
கணினிக் கடிகாரம் பின்னால் இருக்கிறது. மதர்போர்டில் பேட்டரி செத்திருக்கும். மின்சாரம் போய்வரும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடும். பெரும்பாலும் சிஆர்2032 தான், மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். எடைச்சீட்டில் விழும் தேதியும் இதே கடிகாரத்திலிருந்துதானே, அதற்காகவே இன்றே மாற்றுங்கள்.

அரசலாறு:
இன்னொன்று. அந்தக் கணினிக்கு மட்டுமான சிஃப்ளாக்ஸ் (கம்பைலர் குறிகள்), பாதைகளை /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் அடைவில் கான்ஃபிக்.சைட் என்ற கோப்பில் எழுதுங்கள். ப்ரிஃபிக்ஸ் (நிரலை நிறுவும் அடைவு) மாற்றாதவரை கான்ஃபிகர் தானே படிக்கும். அதன் நகலைக் கிட்டிலும் வையுங்கள், வட்டு போனால் உதவும். கான்ஃபிகரை -சி உடன் ஓட்டினால் சோதனை முடிவுகளைச் சேமிக்கும் கான்ஃபிக்.கேஷ் உருவாகும். உபுண்டுவில் உருவான கேஷை ஆலைக்குக் கொண்டுபோகவே கூடாது: இல்லாத செயல்பாட்டையும் 'இருக்கிறது' என்று சொல்லும், சோதனையே நடக்காது.