செர்ட் பாறையில் ரேடியோலேரியா: ஓடுகள் மழுங்கி வருவது ஏன்?

கேள்வி | அடுக்குப்பாறை
சிவப்பு அடுக்குச் செர்ட் (சிலிக்காவாலான கடினப் படிவுப்பாறை) மாதிரி. ரேடியோலேரியா (சிலிக்கா ஓடுள்ள கடல் நுண்ணுயிரி) ஓடுகளைப் பிரிக்கப் பார்த்தேன். 10% ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறியது. சல்லடையில் தங்கியவை எல்லாம் வழவழப்பான உருண்டைகள். முள் இல்லை, துளை வடிவம் தெரியவில்லை. பாறையே கெட்டதா, செய்முறை தவறா? செர்ட் என்றாலே ஆழ்கடல் என்று எழுதிவிடலாமா?

பதில் | நுண்ணோடு
10% மிக அதிகம். ஓடும் சிலிக்கா, சுற்றியுள்ள பாறையும் சிலிக்கா. படிக மணிகளின் அளவும் களிமண் கலப்பும் வேறுபடுவதால் மட்டுமே இரண்டும் கரையும் வேகத்தில் சிறு வித்தியாசம் உண்டு. அமிலம் கடுமையானால் அந்த வித்தியாசம் பயன்படாமல் போகிறது.

முதலில் ஒரு துண்டின் மேற்பரப்பை மட்டும் லேசாக அரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். அங்கேயே வெறும் உருண்டைகள் என்றால் பாறைதான் காரணம். ஓட்டின் ஓபல் (படிகமாகாத சிலிக்கா) காலப்போக்கில் குவார்ட்ஸ் படிகமாக மாறியபோதே நுணுக்கங்கள் அழிந்திருக்கும். முள் தெரிந்தால் 2–3 செ.மீ. துண்டுகளாக உடைத்து, பிளாஸ்டிக் குவளையில் 2–5% அமிலத்தில் ஒரு நாள் வையுங்கள். கண்ணாடிக் குவளை கூடாது, அதையும் அமிலம் தின்னும். அடியில் படிந்த வண்டலை மட்டும் 63 மைக்ரான் சல்லடையில் கழுவி எடுத்துவிட்டு, அதே துண்டுகளுக்குப் புது அமிலம் ஊற்றுங்கள். ஐந்தாறு சுற்று போகலாம். பாறையை விட்டு வந்த ஓடு அமிலத்திலேயே கிடந்தால்தான் முள்ளை இழக்கிறது.

சுண்ணாம்பு கலந்த மாதிரியானால் முன்பே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதை நீக்குங்கள். இல்லையேல் கால்சியம் ஃப்ளூரைடு படிந்து ஓடுகளை மூடும்.

நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் வலி பல மணி நேரம் கழித்தே தெரியும். அதற்குள் ஃப்ளூரைடு உள்ளே இறங்கிவிடும். புகை உறிஞ்சும் கூண்டு, தகுந்த கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (ஃப்ளூரைடைக் கட்டும் முதலுதவி மருந்து), கூட ஒரு ஆள். இவை இல்லாமல் தொடவே வேண்டாம்.

பதில் | கடலடி
இரண்டாம் கேள்விக்கு: எழுதிவிடாதீர்கள். இன்றைய கடலில் ஏறத்தாழ 4–5 கி.மீ. ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுகள் கரைந்து சிலிக்கா மிஞ்சுகிறது, உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு ஓடுள்ள மிதவையுயிரிகள் திறந்த கடலில் பெருகியதே மீசோசோயிக் எனும் டைனோசர் காலத்தில்தான். அதற்கு முந்தைய பெர்மியன் காலச் செர்ட்டில் சுண்ணாம்பு இல்லாதது ஆழத்துக்குச் சான்றாகாது. ஊட்டச்சத்து மேலெழும் பகுதிகளில் ஆழம் குறைந்த இடத்திலும் ரேடியோலேரியா குவியும். மணல் கலப்பு உண்டா, அடியில் தலையணை எரிமலைப்பாறை (நீருக்கடியில் உறைந்த எரிமலைக்குழம்பு) உண்டா என்று சேர்த்துப் பாருங்கள்.

பாறையின் காலம் சொல்வதில் ரேடியோலேரியா வலுவானவை. ஆல்பைலெல்லா என்ற பேரினம் இருந்தால் கார்பானிஃபெரஸ் அல்லது அதை அடுத்த பெர்மியன். ட்ரையாஸோகாம்பே என்ற பேரினம் இருந்தால் மீசோசோயிக்கின் முதல் பகுதியான ட்ரையாசிக். ஜப்பானின் மினோ பகுதியில் ஒரே பாறைக்கட்டாகத் தெரிந்தவற்றில் ட்ரையாசிக் செர்ட்டும் அதற்கு அடுத்த காலமான ஜுராசிக்கின் சேற்றுப்பாறையும் கலந்து கிடப்பது இப்படித்தான் வெளிப்பட்டது.

இளைய வண்டலில் வெப்பநிலையும் கிடைக்கும். 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் தென் இந்தியப் பெருங்கடல் வண்டலில் ரேடியோலேரியாவிலிருந்து கோடைக்கால நீர் வெப்பநிலையைக் கணித்து, ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள்) விகிதத்துடன் சேர்த்துப் பனியுகச் சுழற்சியைப் பூமியின் சுற்றுப்பாதையோடு இணைத்தார்கள். சைக்ளடோஃபோரா டேவிசியானா என்ற ஒற்றை ரேடியோலேரியா இனத்தின் விழுக்காட்டையும் தனியே எண்ணினார்கள்.

பதில் | நுண்ணோடு
ஒரு சேர்க்கை. கடல்நீர் எங்குமே சிலிக்காவைக் கரைக்கும் தன்மையுடையது. மெல்லிய ஓடுகள் முதலில் போகும். ரேடியோலேரியாவை ஒத்த பேயோடேரியா என்ற நுண்ணுயிரிகளின் ஓடு அநேகமாக மிஞ்சாது. ஆகவே விழுக்காடு எழுதும்போது உடைந்த, அரிபட்ட ஓடுகளையும் தனிப் பத்தியில் எண்ணுங்கள். தடித்த ஓடுகள் மட்டுமே நிறைந்திருந்தால் அந்த மாதிரியிலிருந்து வெப்பநிலை கணிக்க வேண்டாம்.