பிள்ளை கக்குது, மலத்தில ரத்தம்: பாலையூற்று ஒழுங்கைக் குழுவில ஞாயிறு இரவு

கோயிலடித் தங்கச்சி, 8.04: ஆரும் முழிப்பா? பிள்ளைக்கு 10 கிழமை, 5.2 கிலோ. தாய்ப்பாலோட இரவில 120 மில்லி மாப்பால் குடுக்கிறம். குடிச்சாப் பிறகு ஒவ்வொரு முறையும் கக்குது, வில்லு மாதிரி வளைஞ்சு அழுகுது. இண்டைக்கு மலத்தில சளியோட நூல் மாதிரி ரத்தம். லக்ரோஸ் இல்லாத மா வாங்கச் சொல்லி மாமி நிக்கிறா. வாங்கட்டா?

மிஸ்ஸி அன்ரி, 8.06: இப்ப வாங்காதிங்கோ பிள்ளை. முதல்ல இதைச் சொல்லுங்கோ. சத்தி பச்சையா வந்ததா? வயிறு ஊதி இறுகிக் கிடக்கா? காய்ச்சல்? நேற்றில இருந்து எத்தனை பம்பஸ் நனைஞ்சது?

கோயிலடித் தங்கச்சி, 8.09: பால் நிறம்தான் அன்ரி. வயிறு மெத்தெண்டு இருக்கு, காய்ச்சல் இல்லை. 7 நனைஞ்சது. போன கிளினிக்கில நிறையும் கூடியிருந்தது.

மிஸ்ஸி அன்ரி, 8.13: அப்ப இரவோட இரவா ஓடத் தேவையில்லை. ரத்தம் கண்டபடியா நாளைக்குக் காலமையே டொக்டரிட்டக் காட்டோணும். அந்தப் பம்பஸை ஒரு பையில கட்டி வையுங்கோ, வெளிச்சத்தில போட்டோவும் எடுங்கோ. மலவாசல் வெடிப்பிலயும் ரத்தம் வரும், பார்த்தாத்தான் தெரியும்.

மிஸ்ஸி அன்ரி, 8.15: ஆனா பச்சைச் சத்தி வந்தா விடியுமட்டும் பாக்காதிங்கோ, குடல் முறுக்குப்பட்டிருக்கலாம். விட்டு விட்டு வீரிட்டு அழுது, இடையில வெளிறிச் சோர்ந்து, சிவப்பு ஜெலி மாதிரி மலம் போனாலும் அப்படித்தான். பால் எடுக்காமத் தூங்கி விழுந்தாலும் பொறுக்க வேண்டாம். 1990 அடியுங்கோ, அம்புலன்சுக்குக் காசில்லை.

பாமசி அண்ணா, 8.18: லக்ரோஸ் எண்டது பாலில இருக்கிற சீனி. பச்சைப்பிள்ளைக்குச் சளியும் ரத்தமும் வந்தா நாங்கள் சந்தேகப்படுறது பசுப்பால் புரதத்தை. சாதாரண லக்ரோஸ் இல்லாத மாவில சீனியைத்தான் எடுத்திருப்பாங்கள், புரதம் அப்படியே கிடக்கும். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று இல்லை, அந்தப் புரதங்களும் கிட்டத்தட்ட ஒண்டுதான். சோயா மா 6 மாதத்துக்கு முதல் வேண்டாம். தேவையெண்டா டொக்டர் புரதத்தை நல்லா உடைச்ச மா எழுதுவார், அதுவும் ஒத்துக்கொள்ளாட்டி அமினோ அமில மா. ரெண்டும் சரியான விலை. எழுதித் தராம வாங்காதிங்கோ.

மூலைவீட்டு அக்கா, 8.20: 120 மில்லி மார்பில குடிச்சதுக்கு மேலயா?

கோயிலடித் தங்கச்சி, 8.20: ஓம் அக்கா, அப்பத்தான் நித்திரை கொள்ளுவான் எண்டு.

மூலைவீட்டு அக்கா, 8.24: கணக்கைப் பாருங்கோ. முழுக்க மாப்பால் குடிக்கிற பிள்ளைக்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 150 மில்லி. 5.2 கிலோவுக்கு 780. எட்டுத்தரமாப் பிரிச்சா 97தான் வரும். மார்பில குடிச்சு நிறைஞ்ச வயித்துக்கு மேல 120 ஊத்தினா வழியாம என்ன செய்யும்? சூப்பியைக் கவிழ்த்துப் பிடிச்சா செக்கனுக்கு ஒரு துளி விழோணும், ஓடக்கூடாது. குடிச்சு முடிய 20, 30 நிமிசம் தோளில நிமிர்த்தி வைச்சிருங்கோ. மடியில இருத்தினா வயிறு மடங்கித் திரும்பக் கக்கும். பம்பஸ் இடுப்பில ரெண்டு விரல் போகோணும்.

மூலைவீட்டு அக்கா, 8.25: எவ்வளவு கக்குது எண்டு அறிய ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லி தண்ணியைத் துணியில ஊத்திப் பாருங்கோ. அந்த ஈரம் பாக்கப் பெரிசு. கனபேர் அதைக் கண்டு முழுப்பாலும் போயிட்டுது எண்டு திரும்பப் பருக்குவினம்.

பெரியம்மா, 8.27: வசம்பு உரைச்சுக் குடுத்தா என்ன? ஏணையில தலையை உயர்த்திப் போடலாமே.

மிஸ்ஸி அன்ரி, 8.30: வேண்டாம் பெரியம்மா. 6 மாதம் வரை தாய்ப்பாலும் டொக்டர் சொல்றதும் மட்டும். தேன் ஒரு வயது வரை தொடக்கூடாது. ஏணையில மடங்கிக் கிடந்தா நாடி நெஞ்சில முட்டி மூச்சு அடைக்கும். கக்கிற பிள்ளையையும் தட்டையாக, மல்லாக்கத்தான் கிடத்தோணும், தலையணை இல்லாம. மல்லாக்கக் கிடந்தாச் சத்தி மூச்சுக்குழாய்க்க போகும் எண்டு பயப்பிடத் தேவையில்லை, அப்படிக் கிடக்கேக்க மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கு.

மிட்வைப் அக்கா, 8.41: இப்பத்தான் பார்த்தன். தங்கச்சி, இதெல்லாம் மாப்பால் தொடங்கின பிறகுதானா?

கோயிலடித் தங்கச்சி, 8.42: மாப்பால் தொடங்கி ரெண்டு கிழமை. கக்கல் முதலே கொஞ்சம் இருந்தது. அழுகையும் சளியும் இந்த ரெண்டு கிழமைக்குள்ளதான்.

மிட்வைப் அக்கா, 8.47: அதை அப்படியே டொக்டருக்குச் சொல்லுங்கோ, முக்கியம். மாப்பாலை மட்டும் நிப்பாட்டினாலே சில பிள்ளைகளுக்குக் காணும், அம்மா தன்ர சாப்பாட்டில ஒண்டும் விலக்கத் தேவையில்லை. இண்டைக்கு இரவு மாப்பாலுக்குப் பதிலா மார்பில போடுங்கோ. தாய்ப்பாலை ஆர் சொன்னாலும் நிப்பாட்டாதிங்கோ.

மிட்வைப் அக்கா, 8.50: அம்மா சாப்பிடுற பசுப்பால் புரதம் தாய்ப்பாலிலயும் கொஞ்சம் வரும். அதால, அதுக்கும் கேக்காம டொக்டர் அம்மாவையும் பசுப்பால் சாமான் விலக்கச் சொன்னா 2 தொடக்கம் 4 கிழமை, அரைகுறை இல்லாம. பால்தேத்தண்ணி, தயிர், பட்டர், நெய் எல்லாருக்கும் தெரியும். பிழைக்கிறது பிஸ்கட், மாஜரீன், கேக்கிலதான். பக்கெற்றில பால் திண்மம், கேசீன், வே எண்டு கிடந்தா எல்லாம் பால்தான், வாங்காமத் திரும்ப வையுங்கோ. கிளினிக்கில தாற திரிபோஷாவிலயும் சோளம், சோயாவோட பால்மா இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு அதைக் கரைச்சுக் குடிச்சுக்கொண்டு, பிள்ளைக்குக் குறையேல்ல எண்டு சொல்லுறவை இருக்கினம். தேங்காய்ப்பாலுக்குப் பயமில்லை, சொதி தாராளமா விடுங்கோ.

மூலைவீட்டு அக்கா, 8.52: கல்சியம்?

பாமசி அண்ணா, 8.55: அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவை. முள்ளோட நெத்தலி, குரக்கன், எள்ளு நல்லது, ஆனா அதுகளால மட்டும் 1000 எட்டுறது கஷ்டம். டொக்டரிட்டக் கல்சியம் குளிசையும் விற்றமின் டி 10 மைக்ரோகிராமும் கேளுங்கோ. இரும்புக் குளிசையோட சேர்த்துப் போடாதிங்கோ, ரெண்டு மணித்தியாலம் தள்ளி. அமிலம் குறைக்கிற மருந்தும் கேட்டு வாங்காதிங்கோ. அது கக்கலை நிப்பாட்டாது, வாறதின்ர புளிப்பைத்தான் குறைக்கும்.

மிட்வைப் அக்கா, 9.01: குணமானாலும் டொக்டர் சொல்ற நாளில அம்மா திரும்பப் பால் சாப்பிட்டுச் சோதிக்கோணும். திரும்ப வந்தாத்தான் அது பசுப்பால். பிள்ளை தானாக் குணமாகியிருந்தா சும்மா ஒரு வருசம் பத்தியம் கிடப்பியள். வெறும் கக்கல் 4 மாதத்தில உச்சம், ஒரு வயதுக்குள்ள பத்தில ஒன்பது பிள்ளைக்கு நிண்டுடும்.

கோயிலடித் தங்கச்சி, 9.03: மாமிக்கும் வாசிச்சுக் காட்டினன். நாளைக்கு என்னென்ன கொண்டு போக?

மிஸ்ஸி அன்ரி, 9.05: பம்பஸ், வளர்ச்சிப் பதிவேட்டுப் புத்தகம், மா ரின். இரவு எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குச் சத்தி எண்டு ஒரு துண்டில எழுதி வையுங்கோ. நிறத்தையும் எழுதுங்கோ. இரவு ஏதும் மாறினா இதில போடாமல் எனக்குக் கோல் எடுங்கோ.