புதுப்பிப்பு: மாஞ்சோலை ஜீப், கோளாறு குளோ பிளக்குல இல்ல

அண்ணாச்சிமாரே, டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சூடாக்குற குளோ பிளக் நாலையும் மாத்தியும் மாஞ்சோலைக் குளிர்ல வண்டி வெள்ளைப் புகை தள்ளிக்கிட்டு, காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன். கோளாறு ரிலேல, அதாவது பிளக்குகளுக்கு பேட்டரி கரண்டை விடுற சுவிட்சுல.

பிளக்குக்குக் கரண்டு வருதான்னு பாக்க வச்ச டெஸ்ட் லைட் பளிச்சுன்னு எரிஞ்சுது, அதை நம்பினதுதான் தப்பு. அந்த பல்புக்கு அரை ஆம்பியர் போதும். நாலு பிளக்குக்கு 40 ஆம்பியருக்கு மேல வேணும். பிளக் சூடாகும்போதே ரிலேயோட ரெண்டு பெரிய முனைக்கும் குறுக்க மீட்டர் வச்சா 2.6 வோல்ட். அரை வோல்ட் தாண்டினாலே உள்ள காண்டாக்ட் கருகியிருக்குன்னு எடுத்துக்கலாம். புது 70 ஆம்பியர் ரிலே போட்டதும் 0.2.

பிளக்கோட ஓம் (மின்தடை) பாக்கும்போது பிளக்குகளைச் சேர்க்கிற பட்டையைக் கழட்டிருங்க. இல்லேன்னா ஒண்ணு செத்திருந்தாலும் மத்தது மறைச்சிரும். நல்ல பிளக் 1 ஓமுக்குப் பக்கத்துல காட்டும். கழட்டின பழசுல மூணு அப்படித்தான் இருக்கு.