சட்டமன்ற மசோதாக்களை நிறைவேறும் முன்பே கவனிப்பது எப்படி?

கேள்வி: தமிழ்நாடு சட்டமன்றத்தில் வரும் மசோதாக்களைக் கவனித்து, எங்கள் விவசாயிகள் சங்கத்தின் நிலைப்பாட்டை உரிய நேரத்தில் தெரிவிக்க விரும்புகிறோம். 2023 ஏப்ரல் 21 அன்று நில ஒருங்கிணைப்பு மசோதா நிறைவேறிய பிறகுதான் செய்தியே எங்களை எட்டியது. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1: அறிமுகமாகும் மசோதாவின் முழு வாசகமும் அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் வரும். மசோதா ஏன் கொண்டுவரப்படுகிறது என்று சொல்லும் நோக்க காரண விளக்கவுரையோடு நிறுத்திவிடாமல், அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தரும் பிரிவுகளை வரிவரியாகப் படியுங்கள். அதே நாளில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவில், வேலை நேரம் தொடர்பான பாதுகாப்புகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அறிவிக்கை மூலம் விலக்களிக்க வழிசெய்தது 65-ஏ என்ற ஒரே ஒரு பிரிவுதான்.

மறுமொழி 2: அவகாசம் மிகக் குறைவு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அந்தத் தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஏப்ரல் 12 அன்று அறிமுகமாகி ஒன்பதே நாளில் நிறைவேறியது. ஆயினும் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததாலும், ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்ததாலும், ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தில் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு மட்டுமன்றி, எல்லாக் கட்சிகளின் சட்டமன்றக் குழுத் தலைவர்களுக்கும், எந்தப் பிரிவை எப்படித் திருத்த வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரி அவையில் பேசுபவருக்கு உதவாது.

மறுமொழி 3: கேரளத்தில் மசோதாக்கள் பொருட்குழுக்களின் (துறைவாரியான சட்டமன்ற உறுப்பினர் குழுக்கள்) ஆய்வுக்குச் செல்கின்றன. இங்கே அந்த நடைமுறை இல்லாததால், தெரிவுக்குழுவுக்கு (குறிப்பிட்ட மசோதாவை ஆராய அமைக்கப்படும் உறுப்பினர் குழு) அனுப்பக் கோருவதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.