சாப்பாடு வீணாவதைப் பார்த்து உறுத்திய சம்பவம் எதுவும் உண்டா?

வேளச்சேரிவாசி:
எங்கள் அபார்ட்மெண்டில் குப்பை வாங்க வரும் அக்கா, பிரிக்காத பிரெட் பாக்கெட், கட்டு அவிழ்க்காத கொத்தமல்லி எல்லாவற்றையும் பச்சைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, "ரெண்டாவது மாடிக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்களா? வாங்கினது வாங்கினபடியே வருதே" என்று என்னிடம் கேட்டார். அந்த வீட்டுக்காரர் பைக் சாவியோடு என் பின்னாலேயே நிற்கிறார்! அவர் முகம் போன போக்கு இருக்கிறதே. அக்கா பாட்டுக்குப் பிரெட்டைத் திருப்பித் தேதி பார்த்து, தன் பையில் போட்டுக்கொண்டார்.

பள்ளிக்கரணை மருமகள்:
மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். கரண்ட் போய் ஃப்ரீசர் உருகி ஓட ஆரம்பித்ததும் அத்தை ஒவ்வொரு டப்பாவாக வெளியே எடுத்தார். "இது என்ன?" "தெரியலை அத்தை." "இது?" ஒன்றைத் திறந்து மோந்துவிட்டு, "தீபாவளிக் கறிக்குழம்புல்ல இது!" என்றார். தீபாவளி நவம்பர் 12. வெளியே தெருவெல்லாம் தண்ணீர், பால் பாக்கெட்டுக்கு ஊரே அல்லாடுகிறது, கொட்ட இடமில்லாமல் அந்தக் குழம்பு பால்கனியில் வெள்ளம் வடியும்வரை இருந்தது.

கேண்டீன்காரர்:
வேளச்சேரி, அந்த வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 'பெஸ்ட் பிஃபோர்' தரத்துக்கான தேதி, தாண்டினால் உடனே விஷமாகிவிடாது. 'எக்ஸ்பைரி', 'யூஸ் பை' தாண்டினால்தான் தொடக்கூடாது. எங்கள் எதிர்வீட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' முடிந்தது என்று சேமியாவையே தூக்கிப் போட்டார்கள். அதற்காக எல்லாவற்றையும் மிச்சம் பிடிக்கவும் கூடாது. சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருக்கணும். கொத்தமல்லியை வேர் கிள்ளி, ஈரம் போகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். முதலில் அரிசியை அளந்து போடுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாகிறது.

மதுரைக்காரி:
அண்ணே, சோறு பற்றி யாரும் கேட்கவே இல்லையே :) அந்த 55 கிலோவில் வாழைத்தோல், எலும்பு எல்லாம் சேர்த்திதான், அதையும் சொல்லுங்க. எனக்கு 2023 ஜூலை தக்காளிதான் உறுத்துது. கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்ற நேரம். வாரா வாரம் அழுகினதைக் கொட்டும் என் நாத்தனார், சமையல் செய்ய வரும் அம்மாவிடம் எண்ணி மூன்று பழம் கொடுத்தாள். அந்த அம்மா காம்போரம் லேசாகக் கன்னிப்போன ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை வெட்டிப் போட்டுடவா, திட்டுவீங்களா?" என்று நிஜமாகவே பயந்து கேட்டார். விலை இறங்கினதும் நாத்தனார் பழையபடி பை பையாக வாங்குகிறாள், பாதி தொட்டிக்குத்தான். கேட்டால் "மலிவா கிடைக்குதே" என்கிறாள்.